தேர் வகுத்த தெருவும் சட்டம் வகுத்த தெருவும்

கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்குப் போகும் நெடுஞ்சாலையில் உள்ள பேரூராட்சி, வட்டத் தலைநகரும்கூட. மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் அண்ணாமலையார் கோயில். கிழக்கே அதே தொலைவில் செஞ்சிக் கோட்டை. சாலை கடலைத் தொடும் இடத்தில், டச்சுக்காரர் கோடு கிழித்துப் பிரெஞ்சுக்காரர் கட்டிய புதுச்சேரி. அதற்குச் சற்று முன்னால் 1968இல் தொடங்கப்பட்ட ஆரோவில். நகரம் எப்படி இருக்க வேண்டும் என்று மனிதர் நினைத்துப் பார்த்த நான்கு வகைகள் நூறு கிலோமீட்டர் சொச்சத்துக்குள் ஒரே சாலையில் கோத்துக் கிடக்கின்றன. நடுவில் இருக்கும் கீழ்பென்னாத்தூர் இந்த நான்கில் எதையும் சேராதது. ஏரி, நத்தம், வயல், சாலை என்று தானாகக் கூடிய ஊர் அது.

நகரத் திட்டமிடலின் கதையைப் பாடநூல்கள் பெரும்பாலும் இங்கிலாந்தில் தொடங்குகின்றன. ஆலைப் புகையிலும் காலராவிலும் தவித்த நகரங்களுக்கு மாற்றாக எபனேசர் ஹோவர்டு 1898இல் தோட்ட நகரம் என்ற யோசனையை முன்வைத்தார். 1903இல் லெட்ச்வொர்த் அந்த யோசனைப்படி எழும்பத் தொடங்கியது. இந்தியக் கதையோ 1896இல் பம்பாயில் பிளேக் வந்தது, 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் வந்தது, 1911இல் டெல்லி தலைநகராக அறிவிக்கப்பட்டது என்று போகும். இவற்றில் பிழை ஏதுமில்லை. ஆனால் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் காஞ்சிபுரத்திலும் மதுரையிலும் தஞ்சாவூரிலும் தெருத்தெருவாக நடந்து தம் கருத்துகளைக் கூர்தீட்டிக்கொண்டார் என்பது அந்தக் கதையில் அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது. அவர் கண்டது என்ன, அதில் எது சட்டமாயிற்று, எது விட்டுப்போயிற்று என்று பார்க்கக் கோயில் நகரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

திருவண்ணாமலை, பெண்ணையாற்றின் வடகரையில் அண்ணாநாட்டில் இருந்த ஊராகச் சோழர் காலக் கல்வெட்டுகளில் வருகிறது. கோயில் கருவறையிலிருந்து வெளிப்புறமாக, மதில் மேல் மதிலாக, பல நூற்றாண்டுகளில் வளர்ந்தது. 14ஆம் நூற்றாண்டில் போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் இவ்வூரைத் தன் தலைநகராக்கிக்கொண்டான். கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1516ஐ ஒட்டி, ஆயிரங்கால் மண்டபமும் சிவகங்கைத் தீர்த்தமும் அமைந்தன. கிழக்கு ராஜகோபுரத்துக்கும் அப்போதுதான் அடி போடப்பட்டது. பதினொரு நிலையும் 217 அடி உயரமும் கொண்ட அந்தக் கோபுரத்தை முடித்தவர் தஞ்சை நாயக்கர் செவ்வப்பர். கோபுரம் அவ்வளவு உயர்ந்த பிறகு ஊரின் எந்த மூலையில் நின்றாலும் கிழக்கு எது, கோயில் எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

இந்த ஊரின் வரைபடத்தை உண்மையில் வரைந்தது தேர். மதிலை ஒட்டி வடக்கிலும் தெற்கிலும் ஒத்தவாடைத் தெருக்கள்: ஒரு பக்கம் வீடு, எதிரே கோயில் மதில். அவற்றுக்கு அப்பால் தேரடித் தெரு, திருவூடல் தெரு, பேய்க்கோபுரத் தெரு, பெரிய தெரு என்று மாட வீதிகள். கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாளன்று விநாயகர், முருகன், அண்ணாமலையார், அம்மன், சண்டிகேசுவரர் என்று ஐந்து தேர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இந்த வீதிகளைச் சுற்றி வரும். அம்மன் தேரைப் பெண்கள் இழுப்பார்கள், சண்டிகேசுவரர் தேரைச் சிறுவர்கள். அண்ணாமலையாரின் மகா ரதம் அலங்காரத்தோடு ஐம்பது அடிக்கு மேல் நிற்கும்.

நேர்த் தெருவில் தேரை இழுக்க ஆள்பலம் போதும். கடினம் மூலையில்தான். சக்கரத்துக்குத் திருப்பும் அச்சு கிடையாது; முட்டுக்கட்டை போடுகிறவர்கள் ஓடும் சக்கரத்தின் அடியில் மரக்கட்டையைச் சரித்துக் கொடுத்து, ஒரு பக்கச் சக்கரத்தைத் தேக்கி, மறுபக்கச் சக்கரத்தை முன்னேறவிட்டுத்தான் தேரை அங்குலம் அங்குலமாகத் திருப்ப வேண்டும். வடம் பிடிக்கும் கூட்டம் அடுத்த தெருவுக்குள் முன்கூட்டியே போய் நிற்கவும் இடம் வேண்டும். தெருவின் அகலம், மூலையின் விரிவு, திண்ணை எதுவரை முன்னே வரலாம், கூரை எவ்வளவு நீளலாம் என்பதெல்லாம் இந்தச் சில நிமிட வேலையிலிருந்து வந்த கணக்கு. இன்று கட்டட விதிகளில் உள்ள முன்வெளி, தெரு அகலம், மூலைச் சாய்வு ஆகியவற்றைத் தேர் தன் போக்கில் ஊருக்கு விதித்திருந்தது. மீறினால் தேர் நின்றுவிடும். அபராதம் போட அதிகாரி தேவைப்படவில்லை.

மாட வீதி ஒரு சுற்று. மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை அடுத்த சுற்று. இந்திரலிங்கம் தொடங்கி ஈசான்யலிங்கம் வரை திசைக்கொன்றாக எட்டு லிங்கங்கள், இடையிடையே குளங்கள், மண்டபங்கள், மடங்கள் என்று, நடக்கிறவனின் களைப்பை அறிந்து அமைந்த பாதை அது. ஆண்டுக்கு இருமுறை, தை மாதத் திருவூடல் முடிந்தும் கார்த்திகை தீபம் முடிந்தும், சுவாமியே இந்தப் பாதையில் வலம் வருகிறார். அதற்கும் வெளியே மூன்றாவது சுற்று ஒன்று உண்டு. அதைக் கோடாக வரைய முடியாது. தை மாதத் தீர்த்தவாரிக்கு அண்ணாமலையார் தெற்கே தென்பெண்ணைக் கரை மணலூர்ப்பேட்டைக்குப் போகிறார். ரதசப்தமிக்கு வடக்கே செய்யாற்றங்கரைக் கலசப்பாக்கத்துக்குப் போகிறார். மாசி மகத்தன்று, பிள்ளையில்லாத வல்லாள மன்னனுக்கு மகன் முறையில் திதி கொடுக்கப் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போகிறார். இரண்டு ஆறுகளும் நடுவிலுள்ள கிராமங்களும் கோயிலோடு இப்படிக் கட்டப்பட்டிருந்தன. நகரத்தை அதன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து பிரித்துப் பார்க்கக் கூடாது என்பது 20ஆம் நூற்றாண்டுத் திட்டமிடலில் புதுக் கொள்கையாக முழங்கப்பட்டது. இங்கே அது பஞ்சாங்கத்தில் இருந்தது.

ஊர் அமைப்புக்கான சாத்திர நூல்கள் என்று மயமதம், மானசாரம் ஆகியவற்றை எடுத்துக்காட்டுவது வழக்கம். தண்டகம், சர்வதோபத்ரம், நந்தியாவர்த்தம், பத்மகம், சுவஸ்திகம் என்று ஊர் வகைகளை அவை பெயர் சொல்லிப் பிரிக்கின்றன. இந்த நூல்மரபை மேற்குலகம் அறியச் செய்தவர் தஞ்சாவூரைச் சேர்ந்த ராம் ராஸ். கும்பினி ஆட்சியில் பெங்களூரில் நீதிபதியாக இருந்த அவர், கிடைத்த ஏட்டுச் சுவடிகளைச் சிற்பிகளின் துணையோடு படித்து, இந்துக் கட்டடக்கலை பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை நூல் எழுதினார். 1834இல் லண்டனில் அது அச்சேறியபோது அவர் உயிரோடு இல்லை. சுவடியில் இருப்பதை மட்டும் நம்பாமல் உளி பிடிப்பவரிடம் பொருள் கேட்ட அந்த முறை, பின்னால் வந்த பல அறிஞர்களிடம் இல்லாமல் போனது. சாத்திரப்படி சதுரமாக வகுத்த ஊரைத் தேடுகிறவருக்குத் திருவண்ணாமலை ஏமாற்றம்தான் தரும். மேற்கே மலை முட்டுகிறது. தெருக்கள் நாற்புறமும் சமமாக விரிய வழியில்லை. கிழக்கே மட்டும் ஊர் அகன்று, செங்கம் சாலை, போளூர் சாலை, அவலூர்ப்பேட்டை சாலை, வேட்டவலம் சாலை, திருக்கோவிலூர் சாலை என்று போகும் ஊரின் பெயரையே தாங்கிய சாலைகளாகக் கிளைத்தது. நூலை மலைக்குத் தக வளைத்துக்கொண்டவர்கள் கட்டிய ஊர் இது. 1990 வாக்கில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இந்தக் கோயிலைப் பற்றிப் பல தொகுதிகள் வெளியிட்டபோது, ஊருக்கென்றே தனித் தொகுதி ஒன்று ஒதுக்க வேண்டியிருந்தது.

செஞ்சியின் கதை வேறு. மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து, நடுவே களஞ்சியம், குதிரை லாயம், கல்யாண மகால், ஏரித் தண்ணீரைக் கொண்டுவரும் குழாய்கள் என்று நாயக்கர் காலத்தில் பெருகிய நகரம். 1597இல் வந்த பிமென்டா என்ற சேசு சபைப் பாதிரியார், போர்ச்சுகலில் லிஸ்பனைத் தவிர இதைவிடப் பெரிய நகரம் இல்லை என்று எழுதிவைத்தார். பிறகு பிஜப்பூர் படை, 1677இல் சிவாஜி, 1690களில் எட்டாண்டு முகலாய முற்றுகை, 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். கொடி மாறிமாறிப் பறந்ததில் குடிமக்கள் கலைந்துபோனார்கள். 2025இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகளின் ஒரு பகுதியாகச் செஞ்சி இடம்பெற்றது. பார்க்க வருகிறவர்கள் காண்பது வெறுங்கோட்டையைத்தான். திருவண்ணாமலையும் அதே போர்களில் பலமுறை கைமாறிய ஊர். 1767இல் ஐதர் அலிக்கும் கும்பினிக்கும் அங்கே பெரிய சண்டையே நடந்தது. ஆனால் அந்த ஊரைத் திருவிழா ஒவ்வொரு முறையும் திரும்பக் கூட்டிவிட்டது. அரசன் போனால் கோட்டை நகரத்துக்கு வேலை இல்லை. தேருக்கு அப்படி இல்லை.

புதுச்சேரியின் நேர்த்தெருக்களைப் பிரெஞ்சு ரசனை என்று சுற்றுலாக் கையேடுகள் புகழும். 1693இல் அவ்வூரைப் பிடித்த டச்சுக்காரர்கள்தான் தெருக்களைக் குறுக்கும் நெடுக்கும் சதுரக் கட்டமாகப் போட்டவர்கள் என்பதை வரலாற்றாய்வாளர் ழான் தெலோஷ் பழைய வரைபடங்களைக் கொண்டு எடுத்துக்காட்டியிருக்கிறார். 1699இல் திரும்ப வந்த பிரெஞ்சுக்காரர்கள் அதையே தொடர்ந்தார்கள். 1761இல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கிய பிறகும் பழைய கோட்டின் மேலேயே கட்டினார்கள். கால்வாய்க்குக் கிழக்கே ஐரோப்பியர், மேற்கே தமிழர் என்ற பிரிவையும் சேர்த்துத்தான். கணக்கெடுக்க, வரி போட, காவல் காக்கச் சதுரக் கட்டம் வசதியானது. தேர் முதல் ஊற்று என்றால், நவீன நகரத்தின் இரண்டாவது ஊற்று இதுதான்.

மூன்றாவது ஊற்று நோய். 1840களில் மதுரை கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தபோது, ஊர் மூச்சுவிடும் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த நிலத்தில் எழுந்த தெருக்களில் ஒன்று வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரியின் பெயரை இன்றும் தாங்குகிறது. 1866இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய பன்னாட்டுச் சுகாதார மாநாடு, காலராவைப் பரப்புகிறவர்கள் யாத்ரீகர்கள் என்று பார்க்கத் தொடங்கியது முதல், திருவிழா ஊர்கள் அரசின் கண்ணில் சந்தேகத்துக்குரிய இடங்களாயின. 1886இல் திருவண்ணாமலை நகராட்சியானது; 1891இல் விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குப் போகும் ரயில் அந்த ஊரைத் தொட்டது. மதுரையிலிருந்து வீட்டைவிட்டுக் கிளம்பிய பதினாறு வயதுப் பையன் வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி ஆனவர், 1896 செப்டம்பர் 1ஆம் தேதி அந்த ரயிலில்தான் வந்து இறங்கினார். ரயில் வந்த பிறகு கூட்டம் பெருகியது. கூட்டத்தோடு கழிவுநீர், குடிநீர், சத்திரம், தடுப்பூசி என்று நகராட்சியின் வேலையும் பெருகியது. தெரு என்றால் காற்றும் சாக்கடையும் போகும் வழி என்ற பார்வை அங்கிருந்துதான் சட்டத்துக்குள் நுழைந்தது.

இந்த நேரத்தில்தான், தெருத்தெருவாக நடந்தவர் என்று முன்னே சொன்ன பேட்ரிக் கெடிஸ் சென்னைக்கு வந்தார். ஸ்காட்லாந்துக்காரர், படித்தது உயிரியல். சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின் பேரில் 1914இல் புறப்பட்டவர், நகரத் திட்டமிடல் பற்றி அவர் பல ஆண்டுகளாகச் சேர்த்த படங்களும் வரைபடங்களும் அடங்கிய கண்காட்சியைத் தனிக் கப்பலில் அனுப்பினார். சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் அந்தக் கப்பலையும் மூழ்கடித்தது. நண்பர்கள் அவசரமாகத் திரட்டி அனுப்பிய மாற்றுக் கண்காட்சி 1915 தொடக்கத்தில் சென்னையில் வைக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் அவர் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றி அறிக்கை எழுதினார்.

காஞ்சிபுரத்தில் அவரை மயக்கியது தனித்தனிக் கோயில்களின் அழகைவிட, கோயிலும் தெருவும் குளமும் தோட்டமும் சேர்ந்து ஒரே அமைப்பாக நிற்பது. நெரிசலைக் குறைக்கத் தெருவை அகலமாக வெட்டிவிடும் அக்காலத்து நகராட்சிப் பொறியாளர்களோடு தஞ்சாவூரிலும் மதுரையிலும் அவர் மல்லுக்கு நின்றார். வீடுகளை வரிசையாக இடித்து நேர்ச்சாலை போடுவது, நோயாளியின் கையைக் காலை வெட்டும் வைத்தியம் என்பது அவர் கருத்து. பாழடைந்த சில வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கிணறும் மரமும் சிறு முற்றமும் விட்டால் செலவும் குறைவு, வீடிழப்பவர்களும் குறைவு என்று தெருத்தெருவாக அளந்து காட்டினார். குளங்களைக் கொசுவின் பேரில் தூர்ப்பதையும் எதிர்த்தார். மீனும் வாத்தும் விட்டால் குளமே கொசுவைத் தின்னும் என்றார். உயிரியல் படித்தவர் பேச்சு.

தேர்த் திருவிழாவிலிருந்து அவர் என்ன எடுத்துக்கொண்டார் என்பது இந்தூரில் தெரிந்தது. பிளேக் பரவிக்கொண்டிருந்த ஊர். தெருவைச் சுத்தம் செய்யச் சொன்னால் மக்கள் சந்தேகப்பட்டார்கள். மகாராஜாவிடம் ஒரு நாள் அதிகாரத்தைக் கேட்டு வாங்கி, தீபாவளிக்கு ஒரு பெரிய ஊர்வலம் வரும் என்று அறிவித்தார். ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகும்? எந்தத் தெருவில் வீடுகள் அதிகம் சுத்தமாகவும் பழுதுபார்த்தும் இருக்கின்றனவோ அந்தத் தெரு வழியாக. ஊரே போட்டி போட்டுக்கொண்டு குப்பை அள்ளிச் சுண்ணாம்பு அடித்தது. அன்று யானையும் குதிரையும் போயின, அழுக்கு அரக்கனின் பொம்மையும் பிளேக் எலியின் பொம்மையும் போயின, வெள்ளுடையும் மாலையுமாகத் துப்புரவுத் தொழிலாளர்கள் ஊர்வலத்தில் நடந்தார்கள், லட்சுமி வந்தாள், பின்னால் புதிய நகரத்தின் மாதிரி வந்தது. கடைசியில் அரக்கனையும் எலியையும் கொளுத்தினார்கள். சாமி வரும் தெரு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் எந்தப் பாட்டிக்கும் தெரிந்த விஷயம். அதை நகராட்சி நிர்வாகக் கருவியாக மாற்றிப் பார்த்தவர் கெடிஸ் ஒருவர்தான். 1918இல் வந்த அவருடைய இந்தூர் அறிக்கை இந்தத் துறையின் செவ்வியல் நூல்களில் ஒன்று.

அவர் ஊட்டிய உற்சாகத்தில் சென்னையில் ஒரு சிறு ஆய்வு மரபே கிளம்பியது. பழந்தக்காணத்தின் நகர அமைப்பு பற்றி சி.பி. வேங்கடராம ஐயர் 1916இல் எழுதிய நூலுக்குக் கெடிஸ் முன்னுரை எழுதினார். கெடிஸின் இந்திய அறிக்கைகளிலிருந்து பகுதிகளைத் திரட்டி ஜாக்குலின் டைர்விட் 1947இல் ஒரு நூல் வெளியிட்டார். லெ கொர்பூசியே முதலானோர் தோற்றுவித்த நவீனக் கட்டடக் கலைஞர்களின் பன்னாட்டு மாநாட்டில் முக்கிய பங்கு வகித்தவர் டைர்விட். 1951இல் அந்த மாநாடு, நகரத்துக்கு இதயம் எது என்ற கேள்வியை எடுத்துப் பேசியது. தஞ்சைத் தெருவில் அளந்த அளவுகள் இப்படிச் சுற்றி வளைத்து ஐரோப்பிய மேசைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

சென்னைச் சட்டப் புத்தகத்துக்கு அவ்வளவாகப் போய்ச் சேரவில்லை. 1920இல் வந்த சென்னை நகரத் திட்டச் சட்டம் தெரு அகலம், கட்டட எல்லைக் கோடு, மனைப் பிரிப்பு, நில மதிப்பு உயர்வு என்று சொத்தையும் சுகாதாரத்தையும் மையமாகக் கொண்டது. அந்தக் காலத்தின் பெரிய சாதனை தியாகராய நகர். 1923இல் மாம்பலத்தின் நெடிய ஏரியை உடைத்துவிட்டு, ஏரிப்படுகையில் பனகல் பூங்காவை நடுவில் வைத்து, சாலைகளை அதிலிருந்து பிரித்தார்கள். அழகான வரைபடம்தான். குளத்தைத் தூர்க்காதே என்று மன்றாடியவர் வந்துபோன பத்தாண்டு முடிவதற்குள், அதே மாகாணத் தலைநகரில் ஏரியை உடைத்து ஒரு பேட்டை பிறந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கெடிஸின் பார்வையிலும் ஓர் ஓட்டை இருந்தது. தேர் போகும் தெருவைக் கண்டவர், தேர் போகாத தெருவைப் போதிய அளவு பார்க்கவில்லை. கோயிலைச் சுற்றி யார், அடுத்த சுற்றில் யார், ஊருக்கு வெளியே யார் என்பதும் அந்த வரைபடத்தின் பகுதிதான். கிராமத்தில் அது இன்னும் பச்சையாகத் தெரியும்: ஊர் ஓரிடம், சேரி ஓரிடம், இரண்டுக்கும் நடுவே வயலோ ஓடையோ, சுடுகாடும் இரண்டு. சாமி ஊர்வலம் ஊர்த்தெருவோடு திரும்பிவிடும். இது பழங்கதை அல்ல. திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டு வட்டத்துத் தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைய 2023 ஜனவரி 30ஆம் தேதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றும் மாவட்ட நிர்வாகமும் போலீசும் துணைக்கு நின்றன. இந்த வரைபடத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டில் பிறந்த ஒரே திட்டமிடல் யோசனை, 1997இல் மு. கருணாநிதி அரசு தொடங்கிய பெரியார் நினைவு சமத்துவபுரம். ஒரு குடியிருப்புக்கு நூறு வீடு: ஆதிதிராவிடர் 40, பிற்படுத்தப்பட்டோர் 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 25, மற்றவர் 10. யார் பக்கத்தில் யார் என்பதை வீட்டு ஒதுக்கீட்டிலேயே கலைத்துப்போட்டு, எல்லாருக்கும் ஒரே சமுதாயக் கூடம், ஒரே சுடுகாடு என்று வைத்தார்கள். முதல் சமத்துவபுரம் 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. பின்னர் இருநூறைத் தாண்டியது. வேலைவாய்ப்பிலிருந்து தள்ளிப் புறம்போக்கில் கட்டப்பட்டவை பல என்ற குறை நியாயமானது. ஆனாலும் சாதியை நிலத்தில் எழுதிய கோட்டை நிலத்திலேயே அழிக்கப் பார்த்த முயற்சி வேறு இல்லை.

கட்டடக் கலைக்கு வந்தால், 1930களின் இறுதியில் இந்தச் சாலையின் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் நடந்தன. இரண்டும் ஆசிரம வேலைகள். மேற்கு முனையில், ரமணாசிரமத்தில் மகரிஷியின் தாயார் சமாதி மீது மாத்ருபூதேசுவரர் கோயில் 1939இல் தொடங்கி 1949இல் குடமுழுக்குக் கண்டது. கருங்கல்லை உளியால் கொத்தி, மரபுக் கணக்குப்படி அதைக் கட்டியவர் வைத்தியநாத ஸ்தபதி. கிழக்கு முனையில், அரவிந்தர் ஆசிரமத்துக்காகக் கோல்கொண்டா என்ற விடுதி 1937 வாக்கில் தொடங்கி உலகப் போர்க் காலத்தில் எழுந்தது. வரைந்தவர் செக் நாட்டில் பிறந்து, தோக்கியோவில் பிராங்க் லாயிட் ரைட்டிடம் வேலை பார்த்த ஆன்டனின் ரேமண்ட். களத்தில் நின்று கட்டியவர்களில் லெ கொர்பூசியேவிடம் இருந்த சாமர் ஒருவர். பின்னாளில் மரச்சாமான் கலைஞராகப் பெயர்பெற்ற ஜார்ஜ் நகஷிமா இன்னொருவர். இந்தியாவின் முதல் நவீனக் கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று அது.

பெயரளவில் ஒன்று பழமை, ஒன்று புதுமை. கிட்டப் போய்ப் பார்த்தால் கோல்கொண்டாவில் சுவருக்குப் பதில் தளத்திலிருந்து கூரைவரை திறந்து மூடும் சாய்பலகை அடுக்குகள். தெற்கும் வடக்கும் பார்த்த அறைகள். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். கடற்கரை வெயிலுக்குத் தமிழ் வீடு கண்ட விடை கான்கிரீட்டில் மறுபடி எழுதப்பட்டிருக்கிறது. மறுமுனையிலோ வைத்தியநாத ஸ்தபதியின் கணக்கு அவரோடு முடிந்துவிடவில்லை. 1957இல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பக் கல்லூரி தொடங்கியபோது அதன் தலைமைக்கு அவர் வந்தார். அவருக்குப் பின் மகன் கணபதி ஸ்தபதி. குருவிடம் இருந்து கற்கும் தொழில் பட்டப்படிப்பானது. 2000ஆம் ஆண்டு முதல் நாள் கன்னியாகுமரியில் திறந்த 133 அடித் திருவள்ளுவர் சிலை அந்த வழியில் வந்தது.

1968 பிப்ரவரி 28ஆம் தேதி தொடங்கிய ஆரோவிலுக்கு ரோஜே ஆஞ்சே வரைந்த படம், மாத்ருமந்திர் என்ற தியான மண்டபத்தை நடுவில் வைத்து விண்மீன் திரள்போல் சுழலும். ஐம்பதாயிரம் பேருக்கு வரைந்த ஊரில் இன்றுவரை சில ஆயிரம் பேரே. காகிதத்தில் இருந்த வட்டச் சாலையைத் தரையில் போட 2021 டிசம்பரில் மரங்களை வெட்டியபோது, குடியிருப்பவர்களில் ஒரு பகுதியினரே எதிர்த்து நின்றார்கள். நடந்து நடந்து பாதையான வட்டம் திருவண்ணாமலையில் உள்ளது. ஆரோவிலில் வட்டம் முதலில் வந்தது, நடப்பவர்கள் பிறகு.

1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. திருவண்ணாமலை 1989இல் மாவட்டத் தலைநகரானது, 2024இல் மாநகராட்சியானது. பௌர்ணமிக் கிரிவலம் லட்சக்கணக்கில் பெருகியது. தீபத்தன்று ஊரின் உண்மையான வரைபடம் போலீஸ் பந்தோபஸ்து வரைபடம்தான்: ஒவ்வொரு சாலையிலும் தற்காலிகப் பேருந்து நிலையம், வாகன நிறுத்தம், ஒருவழிப் பாதை, அன்னதான இடம். தேருக்காக வகுத்த ஊரில் மனைக்காக வகுத்த சட்டம் செய்யாததை ஆண்டுதோறும் சவுக்குக் கட்டை கட்டித்தான் செய்ய வேண்டியிருக்கிறது. இதற்கிடையில் வீடுகள் மலைச்சரிவில் ஏறின. பெஞ்சல் புயல் மழையில் 2024 டிசம்பர் 1ஆம் தேதி வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரே வீட்டில் இருந்த ஏழு பேர் இறந்தார்கள். ஐந்து பேர் குழந்தைகள். அந்த ஆண்டு தீபத்துக்குப் பக்தர்கள் மலையேறத் தடை விதிக்கப்பட்டது.

கீழ்பென்னாத்தூர் போன்ற சாலையோர ஊர்களில் திட்டமிடல் என்பது நடைமுறையில் லே-அவுட்தான். வருவாய்க் கணக்கில் நத்தம், நஞ்சை, புஞ்சை, ஏரிப் புறம்போக்கு என்று பிரிந்த நிலத்தில் கடைத்தெரு சாலையோடு நீண்டது. பின்னால் கடலைக்காடும் நெல்வயலும் மனையானது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடுத்த பிறகுதான் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) என்ற சொல் எல்லா ஊர் டீக்கடைக்கும் வந்தது. 2017இல் வரன்முறை விதிகள் வந்தன. பெரிய லே-அவுட்டில் சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கு பொது இடமாக விட வேண்டும் என்பது விதி. வரைபடத்தில் அது பூங்கா. குடியேறியவர்கள் முதலில் அங்கே ஒரு பிள்ளையார் கோயில் கட்டுகிறார்கள். சதுர்த்தியன்று சாமி புறப்பாடு மனைத்தெருக்களைச் சுற்றுகிறது. பொது இடத்தில் கோயில் கட்டக் கூடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியும், இடிக்கச் சொல்லி உத்தரவிட்டும், கட்டுவது நின்றபாடில்லை.